பல விரல்களுக்கு ஒரு பேனா: வட கரோலினா முதியோர் இல்லம், 2010

2010 அக்டோபர் 12ஆம் தேதி, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறைக்கு உள்ளூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து தகவல் வந்தது. ஒரே முதியோர் இல்லத்தில் வசிக்கும் நான்கு பேருக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி, அதாவது கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய், தொற்றியிருக்கிறதோ என்று சந்தேகிக்கிறோம் என்பதுதான் அந்தச் செய்தி.

ஒருவருக்கு வந்திருந்தால் அது ஒரு தனி நோயாளியின் கதையாகவே முடிந்திருக்கும். நான்கு பேர், அதுவும் ஒரே வாசலிலிருந்து என்றதும் நிலைமை வேறாகிவிட்டது. ஹெபடைடிஸ் பி இருமலில் பரவாது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் பரவாது. ரத்தம் வழியாகப் பரவும், உடலுறவு வழியாகப் பரவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். வயதானவர்கள் தங்கியிருக்கும் ஒரு வீட்டில் ஒரே காலத்தில் நான்கு பேருக்கு வருகிறது என்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வீட்டில் யாருடைய ரத்தம் யாருடைய உடம்புக்குள் போகிறது, எந்த வழியாகப் போகிறது?

விசாரணை முடிந்தபோது நான்கு எட்டாகியிருந்தது. அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் ஹெபடைடிஸின் சிக்கல்களால் இறந்துபோனார்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் புதிதாக இந்தத் தொற்று வந்தால் நூற்றில் ஏறக்குறைய ஒருவர் இறப்பார் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இங்கே எட்டில் ஆறு. முதுமையும் நீரிழிவும் தளர்ந்த உடம்பும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் பாடப்புத்தகக் கணக்கு செல்லுபடியாகவில்லை. இந்த ஆறு மரணங்களில் ஒன்றுகூட நடந்திருக்க வேண்டியதில்லை என்பதால்தான் இந்த நிகழ்வை விரிவாக எழுதுகிறேன்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்

ரத்தம் வழியாகப் பரவும் நோய் ஒரு இல்லத்தில் வந்தால் விசாரணையாளர்கள் மருத்துவக் குறிப்பேடுகளைப் புரட்டி, தோலைத் துளைக்கும் எல்லாவற்றையும் பட்டியல் போடுவார்கள். ஊசி மருந்து, ரத்தப் பரிசோதனை, பல் சிகிச்சை, கால் நகம் வெட்டுதல், டயாலிசிஸ், சர்க்கரை பார்க்க விரலில் குத்துவது எல்லாம் அதில் வரும். கூடவே அங்கே இருக்கும் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடக்கும். ஹெபடைடிஸ் பி வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால் தொற்று புதியது என்று கொள்ளலாம். பழைய தொற்று உள்ளவர்கள், முன்பே வந்து குணமானவர்கள், தடுப்பூசி போட்டவர்கள் என்று மற்றவர்களையும் பிரித்துவிடலாம். அதன் பிறகு, நோய் வந்தவர்களுக்கு நடந்தது எது, வராதவர்களுக்கு நடக்காதது எது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

வட கரோலினாவில் இந்தக் கணக்கு தெளிவாகவே விழுந்தது. அந்த இல்லத்தில் பணியாளர்களின் உதவியோடு ரத்தச் சர்க்கரை பார்த்துக்கொண்டவர்கள் 15 பேர். தொற்று வந்த எட்டுப் பேரும் அந்த 15 பேருக்குள்தான் இருந்தார்கள். சர்க்கரை பார்த்துக்கொள்ளாதவர்களில் ஒருவருக்கும் இல்லை.

பிறகு நேரில் போய் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தார்கள். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. விரலில் குத்தும் ஊசிப் பேனா ஒரு ஆளுக்கு மட்டும் என்று அனுமதி பெற்றது. அதைப் பலருக்கும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர்களையும் பகிர்ந்துகொண்டார்கள்; ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் அதைச் சுத்தம் செய்து கிருமிநீக்கம் செய்யவில்லை.

இது எந்த மாதிரியான இல்லம் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நர்சிங் ஹோம், அதாவது நர்ஸுகள் பார்த்துக்கொள்ளும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் என்பது வேறு, உதவியுடன் வாழும் இல்லம் என்பது வேறு. இந்த இல்லம் இரண்டாவது வகை. முன்னதற்கு மெடிகேர், மெடிகெய்டு என்ற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் விதிகள் உண்டு, ஆய்வுகள் உண்டு, நர்ஸுகள் இருப்பார்கள். பின்னதை மேற்பார்க்கும் பொறுப்பு மாநிலங்களுடையது. அங்கே மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் சர்க்கரை பார்ப்பதும் பெரும்பாலும் குறுகிய காலப் பயிற்சி பெற்ற மருந்து உதவியாளர்களின் வேலை. தங்கியிருப்பவர்களின் நோய்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போக, இல்லமோ பெயரளவில் வீடாகவே இருந்துவிடுகிறது. மருத்துவ வேலை நடக்கும், ஆனால் அந்த இடத்தை மருத்துவ இடம் என்று யாரும் நினைப்பதில்லை. இந்த நிகழ்வின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பேனாவின் மூடியிலும் மீட்டரின் பொத்தானிலும்

நம் வீடுகளில் இருக்கும் அதே பேனாதான். உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் முனையில் லான்செட் என்கிற சின்ன ஊசி, மேலே ஓட்டை போட்ட ஒரு மூடி. மூடியை விரல் நுனியில் அழுத்தி பட்டனைத் தட்டினால் ஊசி பாய்ந்து திரும்பிவிடும். புதிய ஊசி மாட்டிவிட்டால் பாதுகாப்புதானே என்று தோன்றும். ஆனால் ரத்தம் ஊசியோடு நிற்பதில்லை. குத்தியதும் துளிர்க்கும் ரத்தம் மூடியின் ஓட்டை விளிம்பில் படும், உள்சுவரில் தெறிக்கும். அடுத்தவரின் விரலில் புதிய ஊசி துளைக்கும்போது அந்தப் பழைய விளிம்பு புதிய காயத்தின் மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கும். அந்தப் பேனாவை ஆழ்ந்து சுத்தம் செய்யவும் வழியில்லை. ஒரே ஆளுக்கு என்று எண்ணிச் செய்த பொருள் அது. அதனால்தான் பேனாவைப் பொறுத்தவரை எப்படித் துடைப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. பகிரக் கூடாது, அவ்வளவுதான்.

மீட்டர் கொஞ்சம் நுட்பமான விஷயம். அது காயத்தைத் தொடுவதே இல்லை. அதில் செருகும் ஸ்ட்ரிப் என்கிற சின்னப் பட்டையின் முனைதான் ரத்தத்தை உறிஞ்சுகிறது, அது ஒரு தடவைக்கு மேல் பயன்படாது, தூக்கிப் போட்டுவிடுகிறோம். அப்புறம் மீட்டர் எப்படிக் குற்றவாளியாகும்? கையைக் கவனியுங்கள். பணியாளர் கையுறை போட்டிருக்கிறார். விரலைப் பிடித்து அமுக்கித் துளியை வரவழைக்கிறார், கையுறையில் ரத்தம் படுகிறது. அதே கையால் மீட்டரைப் பிடிக்கிறார், பொத்தானை அழுத்துகிறார், ஸ்ட்ரிப்பை உருவுகிறார். அடுத்த அறையில் கையுறை புதியதாகவே இருக்கலாம். ஆனால் மீட்டர் அதேதான். புதிய கையுறை அந்த மீட்டரைத் தொட்டுவிட்டுப் புதிதாகக் குத்திய விரலைப் பிடிக்கிறது.

இவ்வளவு அற்ப ரத்தத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். ஹெபடைடிஸ் பி விஷயத்தில் நிறையவே இருக்கிறது. வைரஸ் அதிகமாக உள்ள ஒருவரின் ஒரு மில்லி ரத்தத்தில் 10 கோடிக்கும் மேல் வைரஸ் துகள்கள் இருக்க முடியும். இன்றைய ஸ்ட்ரிப்புகள் கேட்கும் ஒரு மைக்ரோலிட்டர், அதாவது மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ரத்தத்திலேயே ஒரு லட்சம் துகள்கள் ஆகிவிடுகின்றன. அதிலும் நூறில் ஒரு பங்கு மட்டும் மீட்டரில் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் துகள்கள் இருக்கும். வைரஸும் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. உலர்ந்த ரத்தத்தில், சாதாரண அறைச் சூட்டில், குறைந்தது ஏழு நாள் தொற்றும் திறனோடு இருக்கும். திங்கட்கிழமை காலை பட்ட கறை ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வேலை செய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எண்ணிக்கையும் சேர்கிறது. மருத்துவமனையில் ஒருவர் நான்கு நாள் இருந்துவிட்டு வீட்டுக்குப் போவார். இல்லத்தில் இருப்பவர் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றாலும் 15 பேருக்கு மாதம் 900 தடவை விரலில் குத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆபத்து மிகச் சிறியதாகவே இருக்கலாம். 900 தடவை என்றால் அது சிறியதாக இருப்பதில்லை.

தெரியாமல் நடந்ததா

இந்த நிகழ்வில் எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான். ஸ்பிரிங் வைத்த விரல் ஊசிக் கருவியால் கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில் ஹெபடைடிஸ் பி பரவியதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், அதாவது சிடிசி, 1990லேயே வெளியிட்டது. 1996இல் ஒஹையோவிலும் நியூயார்க் நகரத்திலும் மறுபடி நடந்தது. 1997இல் அதையும் எழுதினார்கள். 2005 மார்ச்சில் மூன்று இடங்களின் அறிக்கை ஒன்றாக வந்தது: மிசிசிப்பி, லாஸ் ஏஞ்சலஸ், மூன்றாவதாக இதே வட கரோலினா.

மிசிசிப்பி நர்சிங் ஹோமின் எண்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2003 நவம்பர், டிசம்பரில் அங்கே இரண்டு பேர் புதிய ஹெபடைடிஸ் பியால் இறந்ததாகத் தகவல் வந்த பிறகுதான் விசாரணை தொடங்கியது. 158 பேரின் ரத்த முடிவுகளில் 15 பேருக்குப் புதிய தொற்று. தொற்றக்கூடிய நிலையில் இருந்தவர்களில் வழக்கமாக விரலில் குத்திக்கொண்டவர்கள் 38 பேர். அவர்களில் 14 பேருக்கு வந்திருந்தது. குத்திக்கொள்ளாத 106 பேரில் ஒரே ஒருவருக்கு. அதாவது விரலில் குத்தியவர்களுக்கு ஆபத்து 39 மடங்கு. அதே 2003இல் வட கரோலினா நர்சிங் ஹோமில் குத்திக்கொண்ட 45 பேரில் 8 பேருக்கும், குத்திக்கொள்ளாத 117 பேரில் 3 பேருக்கும் தொற்று இருந்தது. கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அங்கே மீட்டர் பொதுவானதாக இருந்தது. ஆளுக்கு ஆள் துடைக்கும் வழக்கம் இல்லை.

ஆக, அதே மாநிலத்தில், அதே நோய், அதே வேலையின்போது ஏழு வருடத்துக்கு முன்பே வந்து போயிருக்கிறது. 1998 முதல் 2008 வரை அமெரிக்காவில் மருத்துவமனைக்கு வெளியே நடந்த ஹெபடைடிஸ் பி, சி பரவல்களை ஒரு ஆய்வு தொகுத்தபோது 33 நிகழ்வுகள் தேறின. அவற்றில் 15 நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் நடந்தவை. எல்லாவற்றிலுமாகத் தொற்று வந்தவர்கள் 448 பேர்.

2010 ஆகஸ்டில் சிடிசியும் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் விரல் ஊசிக் கருவிகளை ஒருவருக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று நாடு முழுவதற்கும் மறுபடி எச்சரித்தன. அக்டோபரில் வட கரோலினா மருத்துவமனையிலிருந்து அந்தத் தகவல் வந்தது. ஹெபடைடிஸ் பி உடம்புக்குள் நுழைந்து அறிகுறி காட்ட 60 முதல் 150 நாள் ஆகும், சராசரியாக மூன்று மாதம். அப்படியானால் ஆகஸ்ட் எச்சரிக்கை வெளியான நேரத்தில் அந்த இல்லத்தில் வைரஸ் பலருக்குள் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். அந்த எச்சரிக்கை அவர்களுக்குக் காலம் கடந்தது. 2005 அறிக்கைக்குக் காலம் இருந்தது.

இந்த இடைவெளி இன்னொன்றையும் விளக்குகிறது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்த அன்றே வயிற்றுப்போக்கு வந்தால் பாலைச் சந்தேகிப்போம். குத்தியதற்கும் காமாலைக்கும் நடுவில் மூன்று மாதம் இருந்தால் யாரும் குத்தியதை நினைப்பதில்லை. அதுவும் முதியவர்களுக்குச் சோர்வும் பசியின்மையும் வந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். ஞாபகமறதி உள்ளவர்களால் தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லவே முடியாது. உள்ளூர் மருத்துவமனையில் யாரோ ஒருவர் நான்கு நோயாளிகளின் முகவரியையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். அவர் அப்படிப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பேனாவும் மீட்டரும் இன்னும் எத்தனை நாள் சுற்றியிருக்குமோ.

துடைப்பது என்றால் எதை, எதனால், எவ்வளவு நேரம்

கருவிகளை எந்த அளவுக்குக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்பதற்கு மருத்துவ உலகம் இன்றும் பயன்படுத்துவது ஏர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்கர் வகுத்த மூன்று படிகளை. உடம்புக்குள்ளே, ரத்தத்துக்குள்ளே போவது முதல் படி, அது முழுக்க நுண்ணுயிரற்றதாக இருக்க வேண்டும். வாய், மூக்கு, குடல் போன்ற ஈரச் சவ்வுகளைத் தொடுவது இரண்டாவது, அதற்கு உயர்நிலைக் கிருமிநீக்கம். புண்ணில்லாத தோலை மட்டும் தொடுவது மூன்றாவது, அதற்குச் சாதாரணக் கிருமிநீக்கம் போதும். ரத்த அழுத்தப் பட்டை, ஸ்டெதஸ்கோப், சக்கர நாற்காலி எல்லாம் இந்த மூன்றாவது படியில் வரும்.

குளுக்கோமீட்டரை எங்கே வைப்பது? தொடும் இடத்தை மட்டும் பார்த்தால் மூன்றாவது படிதான். அதனால் ரத்த அழுத்தப் பட்டையைப் போலவே அதையும் நடத்தத் தோன்றும்: அழுக்காகத் தெரிந்தால் துடைப்போம், இல்லாவிட்டால் அலமாரியில் வைப்போம். ஆனால் ரத்தம் படக்கூடிய பொருளுக்கு ரத்தத்தில் வரும் வைரஸ்களைக் கொல்லும் மருந்து வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் வேண்டும். படிநிலை தவறு என்று சொல்லவில்லை. அதை மேலோட்டமாகப் படித்தால் ஏமாற்றும் பொருள் இது.

பலர் கையில் எடுப்பது ஸ்பிரிட் பஞ்சு. விரலைத் துடைத்த பஞ்சாலேயே மீட்டரையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவது எங்கும் நடக்கும் காரியம். 2010இல் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மீட்டர் தயாரிப்பாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், 70 சதவீத எத்தனால் என்கிற ஆல்கஹால் ரத்தத்தால் பரவும் வைரஸ்களுக்கு எதிராகப் பயன் தராது என்று வெளிப்படையாகவே சொன்னது. 10 சதவீத பிளீச்சிங் கரைசலோ கருவியையே அரித்துவிடக்கூடும் என்றும் சொன்னது. ஆகவே எந்த மருந்தால் துடைக்க வேண்டும், எத்தனை முறை துடைத்தாலும் கருவி தாங்கும் என்பதைத் தயாரிப்பாளர்களே சோதித்து, கையேட்டில் எழுத வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. அதன்படி கையேட்டில் கிருமிநீக்க முறை எழுதப்படாத மீட்டரைப் பலருக்குப் பகிரவே கூடாது. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் மீட்டரை இல்லத்தில் பொதுவாக வைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான் சிக்குகிறது.

வேலையும் இரண்டு படியாக நடக்க வேண்டும். முதலில் சுத்தம், பிறகு கிருமிநீக்கம். காய்ந்த ரத்தம் வைரஸுக்கு ஒரு போர்வை மாதிரி. அதை எடுக்காமல் மருந்து பூசினால் மருந்து போர்வையோடு நின்றுவிடும். அதனால் ஒரு தாளால் துடைத்து எடுத்துவிட்டு, இன்னொரு தாளால் மருந்தை நனையப் பூச வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கிருமிநாசினித் தாளின் டப்பாவிலும் இத்தனை நிமிடம் மேற்பரப்பு ஈரமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். ஈரத்தில்தான் வேலை நடக்கிறது. துடைத்த கையோடு துணியால் ஒற்றி எடுத்தாலோ ஃபேனுக்குக் கீழே வைத்துக் காயவைத்தாலோ வேலை பாதியில் நின்றுவிடும். ஸ்ட்ரிப் நுழையும் துளைக்குள் மட்டும் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், போனால் மீட்டர் பொய் சொல்லத் தொடங்கும்.

இதோடு கையுறையை ஆளுக்கு ஆள் மாற்றுவது, மாற்றும்போது கை கழுவுவது, மீட்டரைக் கட்டில்மேல் வைக்காமல் ஒரு தாள் விரித்து வைப்பது. இவை எல்லாம் சின்ன வேலைகள்தான், தனித்தனியாகச் சொன்னால்.

காலை உணவுக்கு முந்தைய ஒரு மணி நேரம்

சேர்த்துச் செய்யும்போது என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 பேருக்கும் காலை உணவுக்கு முன் சர்க்கரை பார்த்தாக வேண்டும், அதைப் பார்த்துத்தான் இன்சுலின். ஈரம் நிற்க வேண்டிய நேரம் இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் ஒன்றுதான் என்றால் காத்திருப்பு மட்டுமே அரை மணி நேரம். துடைப்பது, கை கழுவுவது, கையுறை மாற்றுவது, எழுதி வைப்பது தனி. அந்த நேரத்தில் உதவியாளர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். ஒரு பக்கம் ஒருவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும், இன்னொரு பக்கம் மணி அடிக்கிறது, சமையலறையிலிருந்து தட்டு வந்துவிட்டது.

அந்த அவசரத்தில் எது விடுபடும்? விட்டாலும் உடனே யாருக்கும் ஒன்றும் ஆகாதது எதுவோ அதுதான் விடுபடும். மாத்திரையை விட்டால் கேட்பார்கள். தட்டு தாமதமானால் கோபிப்பார்கள். மீட்டர் ஈரமாக இரண்டு நிமிடம் இருந்ததா என்று கேட்பதற்கு அந்த வீட்டில் ஆள் இல்லை.

அந்த உதவியாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு நிமிடக் காத்திருப்பைக் கேட்கும் விதியைப் போட்டவர்கள், அந்த இரண்டு நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லவில்லை. வழி இல்லாமல் இல்லை. இரண்டு மீட்டர்கள் இருந்தால் ஒன்று ஈரத்தில் கிடக்கும்போது மற்றது வேலை செய்யும். அதைவிட நல்லது ஆளுக்கு ஒரு மீட்டர், பெயர் எழுதி, தனித்தனி டப்பாவில். பேனாவே வேண்டாம், குத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஒருமுறை லான்செட் போதும். அதை மறுபடி பயன்படுத்த நினைத்தாலும் முடியாது. களைத்த கையும் தவறு செய்ய முடியாதபடி பொருளை மாற்றிவிடுவது, களைத்த ஆளுக்கு இன்னொரு சுற்றறிக்கை அனுப்புவதைவிட எவ்வளவோ மேல்.

அதற்குப் பிறகு

2011இல் வட கரோலினா சட்டமன்றம் இத்தகைய இல்லங்களுக்காகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு இல்லமும் சிடிசி வழிகாட்டுதலை ஒட்டி எழுத்து வடிவில் தொற்றுத் தடுப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும். தோலைத் துளைக்கும் ஒருமுறைப் பொருள்களை எப்படி அப்புறப்படுத்துவது, பலருக்கும் பயன்படும் கருவிகளை எப்படிக் கிருமிநீக்கம் செய்வது, அறைகளையும் கருவிகளையும் எந்த மருந்தால், எந்த அட்டவணைப்படி சுத்தம் செய்வது என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். கையுறையும் கிருமிநாசினியும் பணியாளர்களின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் உண்டு. மருந்து உதவியாளர்கள் மருந்து கொடுக்கத் தொடங்கும் முன் 5 மணி நேரப் பயிற்சியும், வேலைக்குச் சேர்ந்த 60 நாளுக்குள் மேலும் 10 மணி நேரப் பயிற்சியும் பெற வேண்டும்.

அந்தச் சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு வரி. சிடிசி வழிகாட்டுதல் தெரிந்த பணியாளர் ஒருவரை ஒவ்வொரு இல்லமும் அந்த வளாகத்திலேயே நியமித்து, தொற்றுத் தடுப்பு வேலையை அவர் நடத்த வேண்டும் என்கிறது அது. 1990லிருந்து வந்த எச்சரிக்கைகள் எல்லாம் ஒரு முகவரியைத் தேடிக்கொண்டிருந்தன. நர்சிங் ஹோம்களில் அவற்றைப் படிக்க ஒருவராவது இருந்திருப்பார். இந்த இல்லங்களில் அந்தக் கடிதத்தைப் பிரிக்கும் ஆளே இல்லை. இந்த வரி அப்படி ஒரு ஆளை உண்டாக்குகிறது.

தடுப்பூசியும் ஒரு பங்கு வகித்தது. அதுவரை நீரிழிவு உள்ளவர்கள் என்பதற்காக யாருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பரிந்துரைக்கப்பட்டதில்லை. இப்படித் தொடர்ந்து நடந்த பரவல்களைக் கணக்கில் எடுத்து, 2011இல் அமெரிக்கத் தடுப்பூசி ஆலோசனைக் குழு 19 முதல் 59 வயது வரையுள்ள நீரிழிவு நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைத்தது. 60க்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவர் முடிவு செய்யலாம் என்று விட்டது. வயது கூடக் கூட தடுப்பூசிக்கு உடம்பு காட்டும் எதிர்வினை குறைந்துகொண்டே போகும் என்பது அதற்கு ஒரு காரணம். இல்லங்களில் இருப்பவர்களோ பெரும்பாலும் அந்த வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குத் தடுப்பூசியை மட்டும் நம்பி மீட்டரை விட்டுவிட முடியாது. பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவில் 2009 முதல் 2011 வரை உதவியுடன் வாழும் இல்லங்களில் இதே சர்க்கரைப் பரிசோதனையால் ஹெபடைடிஸ் பி பலமுறை பரவியதை 2012இல் சிடிசி வெளியிட்டது.

நம் பக்கத்தில்

சர்க்கரை இல்லாத வீடு நம்மிடம் குறைவு. என் அம்மாவும் பெரியப்பாவும் ஒரே பேனாவில் ஒருவர் மாற்றி ஒருவர் குத்திக்கொள்வதை நானே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஊசி மாத்தியாச்சுல்ல என்று பெரியப்பா கேட்பார், மாத்தியாச்சு என்று அம்மா சொல்வார். இந்த அறிக்கைகளைப் படித்த பிறகு இரண்டு பேனா வாங்கி, இரண்டிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதினேன். குடும்பத்துக்குள்ளே எதுக்குப்பா இதெல்லாம் என்று பெரியப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம். அவருக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது என்பதைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டியிருந்தது. இந்த வைரஸை வருடக்கணக்கில் சுமப்பவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

அப்பா அம்மாவை முதியோர் இல்லத்தில் விட்டிருப்பவர்கள் அடுத்த முறை போகும்போது, காலை உணவுக்கு முன்னால் போய்ச் சேருங்கள். மதியம் போனால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். சர்க்கரை பார்க்கும் தட்டில் மீட்டர் எத்தனை இருக்கிறது, அதில் பெயர் ஒட்டியிருக்கிறதா, ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போது கை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஸ்பிரிட் பஞ்சால்தான் துடைக்கிறார்கள் என்றால் அதற்காகச் சத்தம் போட வேண்டாம். அவர்களுக்கு யாரும் வேறு எதையும் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு ஒரு மீட்டரும் ஒரு டப்பா ஒருமுறை லான்செட்டும் வாங்கி, பெயர் எழுதி, அந்த உதவியாளர் கையிலேயே கொடுங்கள். பக்கத்துக் கட்டிலில் யாரும் வந்து பார்க்காத ஒருவர் இருந்தால் அவருக்கும் ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். இரண்டு மீட்டரும் ஒரே தட்டில்தான் சுற்றப்போகின்றன.